மருந்தளவும் குழந்தை உடலும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒளி அலையாகப் பரவுகின்றது என்பதைப் பரிசோதனையாற் காட்டியவரும், எகிப்தியரின் சித்திர எழுத்துகளை வாசிக்கும் முயற்சியில் முன்னின்றவருமான தோமஸ் யங் தொழிலால் ஒரு வைத்தியர். பௌதிகம் பயிலும் மாணவர் அவர் பெயரை நன்கறிவர். அவர் குழந்தைகளுக்கென ஒரு சிறு சூத்திரத்தையும் விட்டுச் சென்றார் என்பதை அறிந்தோர் சிலரே. குழந்தையின் வயதை, அவ்வயதோடு பன்னிரண்டைக் கூட்டிவரும் தொகையால் வகுத்தல் வேண்டும். வளர்ந்தவருக்குரிய மருந்தில் எத்தனை பங்கு குழந்தைக்கு உரியது என்பது கிடைத்துவிடும். நான்கு வயதுப் பிள்ளைக்குக் காற்பங்கு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அரைப்பங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும், இருபதாம் நூற்றாண்டிற் பெரும்பகுதியிலும் மருந்துச் சாலைகளில் வழங்கிய சூத்திரம் இது. பிறந்த அன்றே நோயுற்ற குழந்தைக்கு இச்சூத்திரம் தரும் விடை பூச்சியம். கணிதம் தன்னையறியாமல் எச்சரிக்கை விடுத்த இடம் அது எனலாம். ஆனால் அந்தப் பூச்சியத்தை எவரும் பொருட்படுத்தினாரல்லர்.

பின்னர் நிறையை அடிப்படையாகக் கொண்ட விதியொன்று வந்தது. வளர்ந்தவனின் நிறை 150 றாத்தல் எனக் கொண்டு, குழந்தையின் நிறையை அதனால் வகுப்பது. ஆறு றாத்தற் குழந்தைக்கு இருபத்தைந்தில் ஒரு பங்கு. வயதை விட்டு நிறையைப் பிடித்தது முன்னேற்றமே. ஆயினும் இரு விதிகளுக்கும் அடியில் இருந்த எண்ணம் ஒன்றே. குழந்தை என்பது வளர்ந்தவனின் ஒரு பின்னம். அளவைக் குறைத்தாற் போதும், மற்றெல்லாம் சரியாகிவிடும் என்பதே அவ்வெண்ணம். இது எத்தகைய விலையைக் கேட்டது என்பதையும், அவ்விலையை எவர் வீட்டுப் பிள்ளைகள் செலுத்தின என்பதையும் ஆராய்வது பயனுடையது. மருந்தியல் நூல்கள் முதலாவதைச் சொல்லும். இரண்டாவதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

இங்கிலாந்தின் ஆலை நகரங்களிலிருந்து தொடங்கலாம். கைத்தொழிற் புரட்சியின் காலத்தில் அங்கு 'கொட்பிறியின் கோடியல்' என்றொரு பாணி மருந்து மளிகைக் கடைகளிலேயே விற்கப்பட்டது. வெல்லப்பாகும் அபினும் கலந்த மருந்து அது. விடியுமுன் ஆலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் தாய், பிள்ளையை ஒரு கிழவியிடமோ பத்து வயதுச் சிறுமியிடமோ விட்டுச் செல்வாள். பிள்ளை அழாதிருக்க இந்தப் பாணி. ஏங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றிய நூலில் இம்மருந்தைப் பெயர் சுட்டிக் குறிப்பிடுகின்றார். மார்க்ஸ் 'மூலதனம்' முதற்பாகத்தில், இயந்திரத் தொழில் பற்றிய அதிகாரத்திலே, அரசாங்கச் சுகாதார அறிக்கைகளை எடுத்தாண்டு, குழந்தைகளுக்கு அபின் ஊட்டும் வழக்கத்தைக் காட்டுகின்றார். பெண்களை ஆலைக்குள் இழுத்த அமைப்பின் கணக்கில் அவர் அதை எழுதினார். அக்காலத்துப் பிரசங்கிகளும் கனவான்களும் அதைத் தாயின் கணக்கில் எழுதினர். பாலூட்ட அரைமணி நேரம் கொடாத முதலாளியை எந்தப் பிரசங்கமும் தொட்டதாகத் தெரியவில்லை.

அபின் ஏன் குழந்தையைக் கொன்றது? அளவு மிகுந்ததால் மட்டுமன்று. அபினில் உள்ள மோர்பினை உடலிலிருந்து அகற்றுவதற்கு ஈரல் அதனோடு குளுக்குரோனிக் அமிலம் என்னும் பொருளை இணைத்து, நீரிற் கரையத்தக்கதாக்கிச் சிறுநீரகத்துக்கு அனுப்புகின்றது. பிறந்த குழந்தையின் ஈரலில் இவ்வேலையைச் செய்யும் நொதியம் மிகச் சொற்பம். குருதியிலிருந்து மூளைக்குள் பொருள்கள் புகாதவாறு காக்கும் தடுப்பும் அப்பருவத்தில் முதிர்ந்ததன்று. எனவே உள்ளே போன அபின் நெடுநேரம் நிலைத்தது, எளிதில் மூளையை அடைந்தது, மூச்சை அடக்கியது. மூச்சு நிற்காத பிள்ளைகளும் பசி மறந்து பாலுண்ணாது மெலிந்து மாய்ந்தன. அபின் விற்பனையை மருந்து வணிகரின் கட்டுக்குள் கொண்டுவந்த பிரித்தானியச் சட்டம் 1868இல் நிறைவேறியது. காப்புரிமை மருந்துகள் என்னும் பெயரில் விற்ற பாணிகளுக்கு அச்சட்டம் விலக்களித்தது. இலாபம் எங்கிருந்ததோ அங்கு விலக்கும் இருந்தது.

இனி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வருவோம். இது அறியாமைக் காலமன்று. மருத்துவ விஞ்ஞானத்தின் வெற்றிக் காலம். சல்பா மருந்துகளும், பெனிசிலினும், ஸ்திரெப்தோமைசினும் வந்துவிட்டன. 1947இல் வெனிசுவேலாவின் மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு நுண்ணுயிரிலிருந்து குளோரம்பெனிக்கோல் என்னும் புதிய மருந்து பிறந்தது. 1948இல் மலாயாவிலே ஒருவகை உண்ணிக் காய்ச்சலுக்கு அதனைப் பரீட்சித்துப் பார்க்கச் சென்ற அமெரிக்க வைத்தியர்கள், அது நெருப்புக் காய்ச்சலையும் குணமாக்குவதைக் கண்டனர். வாரக்கணக்கிற் பாயிற் கிடந்து மாண்டவர்கள் ஒருசில நாள்களிற் காய்ச்சல் தணிந்து எழுந்தனர். நம் நாடுகளின் ஏழை மக்களுக்கு அம்மருந்து செய்த நன்மையை மறுப்பது நன்றியின்மையாகும். இதனை முதலிற் சொல்லிவிடுவது நன்று. ஏனெனில் இனிச் சொல்லப்போவதும் அதே மருந்தைப் பற்றியதுதான்.

அமெரிக்க வைத்தியசாலைகளில் அக்காலத்திற் குறைமாதக் குழந்தைகளுக்கெனத் தனி விடுதிகள் பெருகின. இரண்டு மூன்று றாத்தல் நிறையுள்ள அச்சிசுக்களைக் கிருமித்தொற்று எளிதிற் கொன்றது. ஆகவே தொற்று வருமுன்பே காப்பாக மருந்து கொடுப்பது வழக்கமாயிற்று. நியூ யோர்க்கிலுள்ள குழந்தைகள் வைத்தியசாலை ஒன்றில் வழங்கிய முறை, பெனிசிலினோடு சல்பிசொக்சசோல் என்னும் சல்பா மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதாகும். வில்லியம் சில்வர்மன் என்னும் வைத்தியரும் அவருடைய சகாக்களும், புதிதாக வந்த ஒக்சிதெத்திராசைக்கிளின் இதனிலும் மேலானதா என்பதை அறிய விரும்பினர். குழந்தைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரு கூட்டமாகப் பகுத்து, ஒரு கூட்டத்துக்குப் பழைய முறையும், மற்றதற்குப் புதிய மருந்தும் கொடுத்தனர். பரிசோதனைக்கு உள்ளானது புதிய மருந்து என்றே எல்லோரும் எண்ணினர். முடிவோ பழையதைக் குற்றவாளியாக்கியது. எவரும் ஐயுறாத சல்பா பெற்ற கூட்டத்திலேதான் கூடுதலான குழந்தைகள் இறந்தன. இறந்தவற்றின் மூளையை ஆராய்ந்தபோது அதன் உட்பகுதிகள் மஞ்சள் நிறமேறிக் கிடந்தன. 1956இல் இவ்வறிக்கை வெளியாயிற்று.

மஞ்சள் நிறம் எங்கிருந்து வந்தது? பிறந்து இரண்டு மூன்று நாள்களிற் பல குழந்தைகளின் தோலும் கண்ணும் மஞ்சளாவதை நம் மருத்துவிச்சிகள் தொன்றுதொட்டுக் கண்டிருக்கின்றனர். பழைய குருதிக் கலங்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சட்பொருள் உண்டாகின்றது. அதனை வெளியேற்றவும் ஈரல், குளுக்குரோனிக் அமிலத்தை இணைக்கும் அதே வேலையைத்தான் செய்ய வேண்டும். பிறந்த குழந்தையில் அந்த நொதியம் இன்னும் விழித்தெழவில்லை. அதுவரை பிலிருபினைக் குருதியிலுள்ள அல்புமின் என்னும் புரதம் பற்றிப் பிடித்து வைத்திருக்கின்றது. சல்பா மருந்து வந்து அதே புரதத்திற் குந்திக்கொண்டால் பிலிருபின் இடமிழந்து விடுபட்டு மூளைக்குள் நுழைகின்றது. இவ்வாறு இடம்பெயர்க்கும் இயல்பை ஜெரார்ட் ஓடெல் 1959இல் வெளியிட்ட ஆய்வு விளக்கியது. மருந்து நேராகக் குழந்தையைத் தாக்கவில்லை. குழந்தை உடல் தற்காலிகமாகச் செய்திருந்த ஓர் ஏற்பாட்டை அது குலைத்துவிட்டது. வளர்ந்தவனின் உடலில் அத்தகைய ஏற்பாடே தேவைப்படாமையால், வளர்ந்தவனிற் செய்த எந்தப் பரிசோதனையும் இந்த ஆபத்தைக் காட்டியிருக்க முடியாது.

அவ்வாண்டே இரண்டாவது இடி விழுந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட வைத்தியசாலை, ஏழைகள் பிள்ளை பெறும் பெரியதோர் அரச வைத்தியசாலை. பனிக்குடம் உடைந்து ஒரு நாளுக்கு மேற்சென்று பிறந்த குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று ஏற்படும் என அஞ்சி, குளோரம்பெனிக்கோல் காப்பாகக் கொடுக்கப்பட்டு வந்தது. நிறையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 100 முதல் 165 மில்லிகிராம் வரை. பேர்ன்ஸ், ஹொட்ச்மன், காஸ் என்னும் மூவர், இக்காப்பினால் உண்மையிற் பயனுண்டா எனச் சோதித்தனர். நான்கு கூட்டங்கள்: ஒன்றுக்கு மருந்தே இல்லை, ஒன்றுக்குப் பெனிசிலினும் ஸ்திரெப்தோமைசினும், ஒன்றுக்குக் குளோரம்பெனிக்கோல், ஒன்றுக்கு மூன்றும் சேர்த்து. மருந்தே பெறாத கூட்டத்தில் நூற்றுக்குப் பத்தொன்பது பேர் இறந்தனர். பெனிசிலினும் ஸ்திரெப்தோமைசினும் பெற்றோரில் நூற்றுக்குப் பதினெட்டு. குளோரம்பெனிக்கோல் பெற்றோரில் நூற்றுக்கு அறுபது. மூன்றையும் பெற்றோரில் நூற்றுக்கு அறுபத்தெட்டு.

இவ்வெண்களைக் கண்டும் காணாமலும் கடந்து செல்லலாகாது. குழந்தை முதல் இரண்டொரு நாள் நன்றாகவே இருக்கும். மூன்றாம் நான்காம் நாளிற் பாலை மறுக்கும், வாந்தியெடுக்கும், வயிறு ஊதும். பின் உடல் துவண்டு, குளிர்ந்து, சாம்பல் நிறமாகும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ மூச்சடங்கும். வைத்தியர் இதனைத் தொற்றின் விளைவென்றே கருதியிருப்பர். தாய்க்கும் அவ்வாறே சொல்லப்பட்டிருக்கும். குறைமாதக் குழந்தை இறப்பது எவருக்கும் வியப்பன்று. மருந்து பெறாத ஒரு கூட்டம் பக்கத்திலே கணக்கிடப்பட்டிராவிட்டால், 'நாம் எவ்வளவோ முயன்றும் காப்பாற்ற முடியவில்லை' என்ற சொல்லோடு இவ்வழக்கம் இன்னும் பல காலம் தொடர்ந்திருக்கும். அதற்கு முன்னும், வேறு வைத்தியசாலைகளிலும் எத்தனை சிசுக்கள் இவ்வாறு சாம்பலாயின என்பதற்குக் கணக்கே இல்லை. எண்ணாதவிடத்துக் குற்றமும் தோன்றுவதில்லை.

காரணத்தை 1960இல் வைஸ், கிளாஸ்கோ, வெஸ்டன் ஆகியோர் வெளிப்படுத்தினர். உடலிற் புகுந்த மருந்து பாதியாகக் குறைவதற்கு எடுக்கும் நேரத்தை அவர்கள் அளந்தனர். சற்று வளர்ந்த பிள்ளைகளில் அது ஏறக்குறைய 4 மணி நேரம். பிறந்து ஓரிரு நாளான குழந்தையில் 26 மணி நேரம். கணித ஆசிரியர் வகுப்பிலே இதனைக் கணித்துக் காட்டலாம். முதற்பிள்ளையில் ஒரு நாளுக்குள் மருந்து ஆறு முறை பாதியாகி, அறுபத்துநான்கில் ஒரு பங்கே எஞ்சும். சிசுவில் அதே ஒரு நாளின் பின்னும் பாதிக்குமேல் எஞ்சியிருக்கும். அதன்மேல் நாளைய மருந்து, அதன்மேல் மறுநாளையது. நிறைக்கேற்ப அளவைக் குறைத்தோம் என்று வைத்தியர் நிம்மதியாக இருக்க, மருந்தோ குழந்தைக்குள் நாள்தோறும் ஏறிக்கொண்டே போயிற்று. மூன்றாம் நான்காம் நாளில் உடல் சாம்பலான காரணம் இதுவே. பின்னர் அம்மருந்து சிசுக்களுக்கு இன்றியமையாதபோது, கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 25 மில்லிகிராமே கொடுக்க வேண்டும் என்றும், குருதியிலுள்ள அளவைச் சோதித்தபடியே கொடுக்க வேண்டும் என்றும் வகுத்தனர்.

குளோரம்பெனிக்கோலை அகற்ற ஈரல் செய்யும் வேலை யாது? மறுபடியும் குளுக்குரோனிக் அமிலத்தை இணைப்பதே. அபின், பிலிருபின், குளோரம்பெனிக்கோல் மூன்றும் ஒரே வாசலில் வந்து காத்து நின்றவை. அவ்வாசலின் கதவு பிறந்த குழந்தையில் இன்னும் திறக்கவில்லை. சிசுவின் ஈரலில் இவ்விணைப்பு குறைவு என்பதை உயிரிரசாயன அறிஞர்கள் 1950களின் பிற்பகுதியிலேயே சோதனைக்கூடத்திற் காட்டிவிட்டனர். அதற்கும் முன்னரே ஒவ்வொரு பிரசவ விடுதியிலும், ஒவ்வொரு குடிசையிலும், சிசுவின் மஞ்சள் தோல் அச்செய்தியை எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது. செங்கமாரியை ஆராய்ந்தவர் ஓர் அறையில். மருந்தளவை வகுத்தவர் வேறோர் அறையில். மருந்தை விற்றவர் மூன்றாம் அறையில். அறிவைத் துண்டு துண்டாக்கித் தனித்தனித் தொழிலாக வைத்திருக்கும் சமுதாயத்தில் இவை சந்திப்பதற்குப் பிணங்கள் தேவைப்பட்டன.

குழந்தை உடல் பலவீனமானது, ஆகவே எதையும் குறைத்துக் கொடுத்தால் நல்லது என்று இதிலிருந்து முடிவு கட்டுவதும் தவறு. பின்னம் என்னும் பழைய எண்ணம் வேறு வடிவில் மீண்டும் வருவதுதான் அது. பிறந்த குழந்தையின் உடலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீர். குறைமாதத்தில் அதனினும் கூடுதல். வளர்ந்தவனில் ஐந்தில் மூன்று பங்கு. ஆகவே நீரிற் கரைந்து பரவும் ஜென்டமைசின் போன்ற மருந்து, சிசுவிற் பயன்தர வேண்டுமானால், நிறைக்கு நிறை சற்றுக் கூடவே கொடுக்கப்பட வேண்டும். ஆயினும் சிறுநீரகம் வடிக்கும் வேகம் மிகக் குறைவாதலால் அடுத்த அளவுக்கு நெடுநேரம் காத்திருக்கவும் வேண்டும். முதலாண்டு நிறையும் வேளையிற் சிறுநீரகம் ஏறக்குறைய முழு வேகம் பெற்றுவிடுகின்றது. அதன்பின் நிலைமை தலைகீழாகின்றது. இரண்டு முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளையின் ஈரல் சில மருந்துகளை வளர்ந்தவனிலும் விரைவாக அழிக்கின்றது. தொய்வு நோய்க்குக் கொடுக்கும் தியோபிலினும், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெப்பினும் அத்தகையவை. இவற்றைக் குறைத்துக் கொடுத்தால் நோய் தீராது. சிசுவின் இரைப்பையில் அமிலம் குறைவு. வாய்வழி கொடுத்த பெனிசிலின் அங்கு அழியாமல் மிகுதியாக உட்செல்லும். தோலோ மெல்லியது, உடல் நிறையோடு ஒப்பிடப் பரப்பும் பெரியது. 1972இல் பிரான்சிலே தவறுதலாக ஹெக்சகுளோரபீன் என்னும் கிருமிநாசினி மிகுதியாகக் கலந்த குழந்தைப் பூச்சுமாவினால் 36 குழந்தைகள் இறந்தன. அவை எதனையும் விழுங்கவில்லை, பூசப்பட்டன, அவ்வளவே.

இனிச் சட்டத்தின் கதை. மருந்துச் சட்டங்களின் வரலாற்றைப் புரட்டினால் பெரிய திருத்தம் ஒவ்வொன்றின் முன்னும் குழந்தைகளின் கல்லறை தெரியும். அமெரிக்காவில் 1937இல் சல்பா மருந்தை இனிப்பான பாணியாக்குவதற்கு ஒரு கம்பனி டையெதிலீன் கிளைக்கோல் என்னும் நச்சுத் திரவத்திற் கரைத்து, சுவையூட்டி, நஞ்சா என்று சோதிக்காமலே விற்றது. 105 பேர் மாண்டனர். அவர்களில் 34 பேர் குழந்தைகள். மதுசாரம் இல்லாத பாணிக்கு அச்சாரம் உண்டெனப் பொருள்படும் பெயரை இட்டதே அப்போதைய சட்டத்தின்கண் குற்றம், கொன்றது குற்றமாகவில்லை. மறு ஆண்டு, விற்குமுன் பாதுகாப்பை நிறுவ வேண்டும் என்ற சட்டம் வந்தது. தலிடொமைட் என்னும் மருந்தினாற் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபட்டுப் பிறந்த பின், 1962இல், பாதுகாப்போடு பயனையும் நிறுவ வேண்டும் என்ற சட்டம் வந்தது.

இங்கே ஒரு முரண்பாடு. குழந்தைகளுக்கு நேர்ந்த கேட்டினாற் பிறந்த சட்டம் குழந்தைகளையே வெளியே நிறுத்தியது. பயனை நிறுவுவதற்குப் பணம் செலவாகும். வளர்ந்தவரிற் சோதித்தாற் பெரிய சந்தை கிடைக்கும். குழந்தைகளிற் சோதித்தாற் கிடைப்பது சிறிய சந்தை. எனவே கம்பனிகள், 'குழந்தைகளுக்கு ஏற்றதென நிறுவப்படவில்லை' என்ற ஒரு வரியைப் பெட்டியிலே அச்சிட்டுவிட்டுத் தம் பொறுப்பைக் கழுவின. வைத்தியர் என்ன செய்வார்? நோயுற்ற பிள்ளை முன்னே கிடக்கின்றது. பழைய பின்னக் கணக்கைப் போட்டுக் கொடுத்தார். ஹரி ஷேர்க்கி என்னும் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் இப்பிள்ளைகளைச் சிகிச்சை உலகின் அநாதைகள் என்று 1960களில் அழைத்தார். இச்சொல் பிறகு எங்கும் பரவியது.

குழந்தைகளிற் பரிசோதனை செய்வதா என்று நல்ல மனம் படைத்தோர் பதறுவர். அப்பதற்றத்துக்கு நியாயம் உண்டு. நியூ யோர்க் மாநிலத்து வில்லோபுரூக் என்னும் அரச விடுதியில், மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு 1950களின் நடுப்பகுதி தொடக்கம் வேண்டுமென்றே ஈரலழற்சிக் கிருமி ஊட்டப்பட்டு ஆராய்ச்சி நடந்தது. ஆதரவற்ற பிள்ளைகளே இத்தகைய ஆராய்ச்சிக்கு அகப்பட்டனர் என்பதை மறத்தலாகாது. ஆனால் மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சோதிக்கப்படாத மருந்தை ஒவ்வொரு வைத்தியரும் தத்தம் ஊகப்படி கொடுப்பதும் பரிசோதனையே. அது சம்மதமற்றது, கணக்கெழுதப்படாதது, முடிவு அறியப்படாதது. 1956இலும் 1959இலும் கணக்கெழுதிய வைத்தியர்களின் நேர்மையை நான் பெரிதும் மதிக்கின்றேன். தாம் நாள்தோறும் நம்பிக் கொடுத்த மருந்தே கொன்றது என்பதை அச்சிலே வெளியிடுவது எளிய காரியமன்று.

வணிகரிடம் அத்தகைய நேர்மையை எதிர்பார்க்க முடியுமா? அஸ்பிரினை எடுத்துக்கொள்வோம். 1963இல் அவுஸ்திரேலிய வைத்தியர் ரை, காய்ச்சலிலிருந்து தேறும் பிள்ளைகளைத் திடீரெனத் தாக்கும் மூளை, ஈரல் நோயொன்றை விவரித்தார். அம்மை, சளிச்சுரம் ஆகியவற்றுக்கு அஸ்பிரின் கொடுக்கப்பட்ட பிள்ளைகளில் அது மிகுந்திருப்பதை 1980இன் முன்பின்னாக நடந்த ஆய்வுகள் காட்டின. 1980இல் அமெரிக்காவிற் பதிவானவர்கள் 555 பேர். 1982இல் அரசாங்கத்தின் தலைமை வைத்தியர் எச்சரித்தார். பெட்டியிலே எச்சரிக்கை அச்சிடுவதை அஸ்பிரின் உற்பத்தியாளர் எதிர்த்து நின்றனர்; 1986 வரை அது கட்டாயமாகவில்லை. கட்டாயமான அடுத்த ஆண்டு முதல், ஆண்டுக்கு முப்பத்தாறு பேருக்கு மேல் அந்நோய் கண்டதில்லை. ஒரு வரி அச்சடிக்கும் செலவு எவ்வளவு என்று வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

1997இல் அமெரிக்கா வேறொரு வழியைக் கையாண்டது. குழந்தைகளில் மருந்தைச் சோதிக்கும் கம்பனிக்கு ஆறு மாதம் கூடுதலான ஏகபோக விற்பனை உரிமை. மருந்துகள் சோதிக்கப்பட்டன, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஆறு மாத ஏகபோகம் பெருவிற்பனையுள்ள மருந்துக்கே கோடிகளைத் தரும். ஆகவே முதிர்ந்தோர் நோய்களுக்கு நன்கு விற்பனையாகும் மருந்துகள் முன்னின்றன. 2003இல் அமெரிக்காவிலும், 2007இல் ஐரோப்பாவிலும் சட்டம் கட்டாயமாக்கியது. 2007இல் உலகச் சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டது. வளர்ந்தோருக்கான பட்டியல் 1977இலேயே வந்துவிட்டது. இடையே முப்பது ஆண்டுகள்.

சந்தையில் ஆகக் கடைசியில் நிற்பவன் ஏழை நாட்டுச் சிசு. எச்.ஐ.வி. கிருமிக்கு எதிரான தொலுதெகிராவிர் வளர்ந்தோருக்கு 2013இல் அனுமதி பெற்றது. நான்கு வாரச் சிசுவுக்கும் கொடுக்கத்தக்க, நீரிற் கரையும் குளிசையாக 2020இலேயே வந்தது. மலேரியாவுக்குரிய ஆர்ட்டிமெதர், லுமபென்ட்ரின் கூட்டு மருந்து 1999இல் அனுமதி பெற்று, ஆபிரிக்கா எங்கும் உயிர்காத்தது. 2009இல் ஐந்து கிலோகிராமுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கென நீரிற் கரையும் குளிசை வந்தது. ஐந்து கிலோகிராமுக்குக் குறைந்த சிசுவுக்கு ஒன்றும் இல்லை. தாய்மாரும் தாதியரும் பெரிய பிள்ளையின் குளிசையை உடைத்து, நீரிற் கரைத்து, கண்ணளவாற் புகட்டினர். நம் வீடுகளிலும் அரைக் குளிசை, காற் குளிசை என்று செய்து பழகியதுதான். சிசுக்களுக்கான மருந்துக்குச் சுவிற்சர்லாந்தின் மருந்து அதிகாரசபை 2025 ஜூலையில் அனுமதி வழங்கியது. அதனை உருவாக்க ஆபிரிக்கக் குழந்தைகளிடையே நடந்த ஆய்வில், சிசுவின் ஈரல் அம்மருந்தை வேறுவிதமாகக் கையாளுவது தெரியவந்து, இரு கூறுகளுக்கும் இடையிலான விகிதத்தையே மாற்றவேண்டி நேர்ந்தது. பழைய குளிசையை எத்தனை துண்டாக உடைத்தாலும் அந்த விகிதம் அதிலிருந்து கிடைத்திராது.